ருசி பார்க்காத குழம்பு

என் மகள் நிரோஜா செத்தது அவள் அம்மாவின் முதல் தெவசத்தன்று. தாய் வந்து மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள் என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பேசினார்கள். பாப்பம்மா அப்படிப்பட்டவள் இல்லை. அந்தப் பிள்ளைக்கு மூச்சிழுப்பு வந்தால் விடியும்வரை முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள். செத்த பிறகு வந்து அதே பிள்ளையின் மூச்சை நிறுத்துவாளா? பேசியவர்களிடம் முகத்துக்கு நேரே கேட்டேன். நீங்கள் சொல்வதும் சரிதான் என்று தலையை ஆட்டினார்கள். அடுத்த காம்பரா வீட்டுக்குப் போய் மறுபடி அதையே சொன்னார்கள்.

எங்கள் தோட்டம் இரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகிற ரோட்டில் இருக்கிறது. நான் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிக் கை ஓய்ந்தவன். பாப்பம்மா போன பிறகு வீட்டில் நான், மகன் சசிக்குமார், மருமகள் தர்ஷிகா, அவர்களுடைய பிள்ளை தினுஷா. சசி மாத்தளை டவுனில் ஒரு மொத்தக் கடை ஸ்டோரில் மூட்டை இறக்குகிற வேலை. கிழமை முழுக்க அங்கேயே படுத்துக்கொண்டு சனிக்கிழமை வீட்டுக்கு வருவான். நிரோஜாவைப் பலாபத்வலையில் கஜீபனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தோம். அவன் ரோட்டோரத்தில் டயருக்கு ஒட்டுப் போடுகிறவன். குடிக்காதவன். அதை நானே இரண்டு மூன்று பேரிடம் விசாரித்து, அவர்கள் சொன்னதையும் நம்பாமல், ஒரு சம்பள நாளில் போய் மறைந்து நின்று பார்த்த பிறகுதான் பெண்ணைக் கொடுத்தேன்.

பாப்பம்மாவுக்கு டின் மீன் என்றால் உயிர். மலையில் இருக்கிற எங்களுக்குக் கடல் மீன் வருவதற்குள் கண் குழிந்து போயிருக்கும். டின் மீனை உடைத்து, வெங்காயம் அள்ளிப் போட்டு, புளி கரைத்து வைத்தால் அவள் இன்னொரு கோப்பை சோறு கேட்பாள். தெவசப் படையலில் செத்தவருக்குப் பிடித்ததை வைக்க வேண்டும். அதனால் டின் மீன் குழம்பு வைப்பது என்று முதலிலேயே முடிவாகிவிட்டது.

தெவசத்துக்கு முதல் நாள் சனிக்கிழமை. சசி ஒரு பையோடு வந்தான். வந்ததும் வீட்டுக்குள் போகாமல் நேரே தண்ணீர் விழுகிற பீலிக்குப் போனான். நான் முகம் கழுவப் போனபோது அவன் பீலித் தண்ணீரில் டின்களைப் பிடித்து, தேங்காய்ப் பொச்சால் தேய்த்துக்கொண்டிருந்தான். எதற்கு என்று கேட்டேன். ஸ்டோரில் தூசியாகக் கிடந்தது, அம்மாவுக்குப் படைக்கிற சாமான் இல்லையா என்றான். முதலாளி தெவசத்துக்கென்று சும்மா கொடுத்தாராம். அந்த முதலாளியை எனக்குத் தெரியும். சொந்த அண்ணன் செத்ததற்கே கடையைப் பாதிதான் பூட்டினவன். அவன் சும்மா கொடுத்தான் என்பது எனக்குச் செரிக்கவில்லை. ஆனால் பாப்பம்மாவின் பெயரைச் சொல்லி வந்த பொருளில் நோண்டக் கூடாது என்று விட்டுவிட்டேன். மகன் தாய்க்காக இப்படித் தேய்த்துக் கழுவுகிறானே என்று உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது.

எங்கள் வழக்கத்தில் படையலுக்குச் சமைக்கிறவள் ருசி பார்க்க மாட்டாள். செத்தவர் சாப்பிடுவதற்கு முன்னால் உயிரோடு இருக்கிறவர் நாக்கில் படக் கூடாது. வாசனைகூடப் பிடிக்கக் கூடாது என்று வாயையும் மூக்கையும் சேர்த்துத் துணியால் கட்டிக்கொள்வார்கள். உப்பு, புளி எல்லாம் கைக்கணக்குத்தான். தர்ஷிகா விடியற்காலையிலேயே தலை முழுகி, வாயைக் கட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றாள். புகையில் கண் மட்டும்தான் தெரிந்தது. பாப்பம்மா இருந்தபோது இந்த மருமகளிடம் ஆயிரம் குறை சொல்வாள். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அவள் வேலையில் ஒரு குறையும் கிடையாது. அதை எங்கே கேட்டாலும் சொல்வேன்.

என் தங்கச்சி பாலாமணி பக்கத்து டிவிசனிலிருந்து வந்திருந்தாள். அவள் மாரியம்மனுக்கு நேர்ந்து மீன் மச்சம் சாப்பிடாமல் இருந்தாள். படையல் போட்டு, கதவைச் சாத்தி, வெளியில் நின்றோம். பிறகு காக்காய்க்கு வைத்தோம். காக்காய் வரச் சுணங்கியது. வானம் மப்பாக இருந்தது, காக்காய் எங்கேயோ ஒதுங்கியிருக்கும். பாலாமணி மட்டும் முகத்தைச் சுளித்தாள். கடைசியில் ஒன்று வந்து வடையைத் தூக்கிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு இலை போட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். நான், சசி, நிரோஜா, கஜீபன், பக்கத்துக் காம்பராக்காரர்கள் கொஞ்சப் பேர்.

முதல் வாயிலேயே நிரோஜா நாக்கை நீட்டிக் கையால் விசிறினாள்.

"என்னா அண்ணி, தோட்டத்து மிளகு பூராவும் இதுலதானா? நாக்கு சுருசுருங்குது."

தர்ஷிகா சிரித்தாள். மிளகே போடவில்லை என்றாள்.

"படையல் சோத்துக்குக் கொறை சொல்லாத புள்ள. ஒங்கம்மா சாப்புட்டது. பேசாம தின்னு," என்றாள் பாலாமணி.

எனக்கும்தான் நாக்கில் ஊசி குத்தினாற்போல இருந்தது. நானும் ஒன்றும் சொல்லவில்லை. படையல் சோற்றுக்கு யாரும் குறை சொல்வதில்லை. இலையில் வைத்ததை மிச்சம் விடுவதும் இல்லை. நிரோஜா அம்மாவை நினைத்து இரண்டாம் தரமும் மீன் வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

இலை எடுத்துக் கை கழுவி வெற்றிலை போடுவதற்குள் எனக்கு முகம் காந்த ஆரம்பித்தது. அடுப்புக்குள் தலையை விட்ட மாதிரி. நெஞ்சு அடித்துக்கொண்டது. கஜீபனைப் பார்த்தால் அவன் கழுத்தெல்லாம் சிவந்து கிடக்கிறது. பக்கத்துக் காம்பராக்காரன் ஒருவன் சட்டையைக் கழற்றிச் சொறிந்துகொண்டிருந்தான், முதுகு முழுக்கத் தடிப்பு. ஒருத்தர் பின்னால் ஒருத்தராக வாந்தி. நான் வீட்டுக்குப் பின்னால் போய்க் குனிந்தவன் நிமிர முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

மீன் சாப்பிடாத பாலாமணி ஒருத்திதான் திடமாக நின்றாள். அதனால் அவள் சொன்னது சட்டமாகிவிட்டது. எல்லோர் உடம்பும் ஒரே நேரத்தில் சிவக்கிறது என்றால் மாரியம்மாள் இறங்கியிருக்கிறாள், தெவசத்தில் ஏதோ தீட்டுப் பட்டுவிட்டது என்றாள். வேப்பிலை ஒடித்துவரச் சொன்னாள். பூசாரியைக் கூப்பிடச் சொன்னாள். நிரோஜாவுக்கு இழுப்பு தொடங்கிவிட்டது. பையிலிருந்து மூச்சுப் பம்பை எடுத்து வாயில் வைத்து அடித்தாள், கேட்கவில்லை. திரீவீலர் கூப்பிடுங்கள், ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று தர்ஷிகா கத்தியது பின்னால் இருந்த எனக்கே கேட்டது.

"அம்மா மேல இருக்கயில ஊசி போட்டா உசுரு தங்காது. நீ சமைச்ச லச்சணம் போதும், தள்ளு," என்று பாலாமணி அவளை ஓரமாகப் பிடித்துத் தள்ளினாளாம்.

சுவரைப் பிடித்துக்கொண்டு நான் முன்பக்கம் வந்தபோது நிரோஜா இஸ்தோப்புத் திண்ணையில் வேப்பிலைமேல் கிடந்தாள். உதடு நாவல் பழம் தின்ற நிறத்தில் இருந்தது. பூசாரி திருநீறு போட்டுக்கொண்டிருந்தான். அந்தத் தட்டைக் காலால் எத்தினேன். சாமி குற்றம் என்றார்கள், குற்றம் என்மேலேயே வரட்டும் என்றேன். சசி வாசலில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தான். அவன் முகமும் சிவந்துதான் இருந்தது. அவனை ஏசி விரட்டிய பிறகுதான் திரீவீலர் வந்தது. தர்ஷிகாவும் சசியும் நிரோஜாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கஜீபனால் எழுந்திருக்க முடியவில்லை. என்னாலும் முடியவில்லை.

அந்தியில் அவளை வெறும் உடம்பாகத்தான் கொண்டுவந்தார்கள். கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருக்கலாமே என்று டாக்டர் சொன்னாராம்.

மற்றவர்கள் எல்லோருக்கும் இரவோடு இரவாகச் சிவப்பு இறங்கிவிட்டது. வந்த சுவடே இல்லை. அம்மாள் ஓர் உயிரை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள் என்றாள் பாலாமணி.

அடக்கம் முடிந்த மறுநாள் சுகாதாரம் பார்க்கிற பி.எச்.ஐ. வந்தார். ஆஸ்பத்திரியில் இருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள். றினோஸ் என்று பெயர், மாத்தளைப் பக்கத்து ஆள். பி.எச்.ஐ. என்றால் ஹோட்டலில் ஓசியில் தின்றுவிட்டு அந்த ஹோட்டலுக்கே நல்ல சர்டிபிகேட் கொடுக்கிறவன் என்பது என் எண்ணம். வந்தவர் தண்ணீர்ப் போத்தலைக் கையோடு கொண்டுவந்திருந்தார். எங்கள் வீட்டுத் தண்ணீரைத் தொட மாட்டார் போல என்று நினைத்தேன். தர்ஷிகா பிளேன்டீ கொடுத்ததும் வாங்கிக் குடித்தார். அதற்காக நம்பிவிடவில்லை.

என்ன சமைத்தீர்கள், யார் யார் எதைச் சாப்பிட்டீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். டின் மீன் என்றதும் வெறும் டின் எங்கே என்றார். தேடினால் ஒன்றையும் காணோம். குப்பைக் குழியிலும் இல்லை. சசி ஓடையில் எறிந்துவிட்டானாம். உடைக்காத டின் ஒன்று மட்டும் அடுப்படித் தட்டில் இருந்தது. தர்ஷிகா அதைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் மூடியில் குத்தியிருந்த நம்பரைப் பார்த்தார். போனை எடுத்து அதில் ஒரு படத்தையும் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"ஐயா, இந்த நம்பர் டின்ன வித்தா குத்தம். வேற ஊருலயும் ஆளுங்களுக்கு ஆகி, எல்லாத்தயும் திருப்பி வாங்கச் சொல்லி ஓடர் வந்தது. கடைகள்ல நாங்களே போயி சொல்லிட்டு வந்தோம்."

மீனைப் பிடித்ததும் ஐசில் போடாமல் வெயிலில் போட்டுவைத்தால் உள்ளே ஒரு நஞ்சு ஊறுமாம். அதற்குப் பிறகு டின்னில் அடைத்தாலும் போகாது, எத்தனை கொதி கொதிக்க வைத்தாலும் போகாது. நாற்றமும் வராது. உடம்பு சிவக்கும், தடிக்கும், வாந்தி வரும், பிறகு தானாக இறங்கிவிடும். இழுப்பு இருக்கிறவர்களுக்குத்தான் ஆபத்து.

"வாயில வெச்சா நாக்கு சுருக்குன்னு காந்தும். அது ஒண்ணுதான் அடையாளம். சமைச்சவங்க ருசி பாக்கலியா?" என்று கேட்டார்.

தர்ஷிகா தலையைக் குனிந்துகொண்டாள். "படையலுக்கு ருசி பாக்க மாட்டோங்க."

அவர் டின்னைத் தரையில் வைத்தார். பிறகு எங்கே வாங்கியது என்றார். தர்ஷிகா சசியைப் பார்த்தாள். சசி முந்திக்கொண்டு, ரோட்டில் வந்த ஒரு வேனில் வாங்கினேன் என்றான். வெள்ளை வேன், நம்பர் தெரியாது, வேன்காரனுக்கு மீசை இருந்தது என்றெல்லாம் சொன்னான். நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னிடம் முதலாளி கொடுத்தது என்றவன் இவன்.

திருப்பி அனுப்ப வேண்டிய டின்களைக் கடைகளில் தனியாக ஒதுக்கி, ஒவ்வொன்றின் மேலும் சிவப்புச் சோக்கால் குறுக்குக் கோடு போட்டு வைக்கச் சொன்னோம், வேனில் வாங்கிய டின்னில் கோடு ஏதும் இருந்ததா என்று அவர் கேட்டார். இல்லவே இல்லை என்றான் சசி. அவர் டின்னைப் பையில் போட்டுக் கட்டுவதற்கு முன் வெளிச்சத்தில் ஒரு தரம் திருப்பினார். மூடியின் விளிம்புக்கு அடியில், பொச்சு எட்டாத இடத்தில், மெல்லிசாகச் சிவப்பு ஒட்டியிருந்தது. அவர் கண்ணில் பட்டதோ என்னவோ. என் கண்ணில் பட்டது.

பீலியில் அவன் கழுவியது தூசியை அல்ல.

பி.எச்.ஐ. போன பிறகு சசியை மிளகுக் கொடிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். வீட்டுக்குள் வைத்துக் கேட்டிருந்தால் லயம் முழுக்கக் காது வைத்திருக்கும். முதலில் இல்லை என்றான். பிறகு அழுதான். ஸ்டோரில் பின்பக்கம் அடுக்கிக் கிடந்ததாம், கொம்பனி லொறி வந்து எடுக்கவில்லையாம், யாரும் கணக்குப் பார்க்கவில்லையாம்.

"நல்ல டின்னுப்பா, ஒரு நசுங்கல் கெடையாது. எவனோ ரெண்டு பேருக்கு வயித்தால போனதுக்கு மலையா குமிச்சு அழிக்கப் போறாங்கன்னா யாரு நம்புவா? நீங்கதானே சொல்லுவீங்க, ஆபீஸ்காரன் பேசுறதெல்லாம் அவனுக்கு ஆதாயம்னு. பழைய சரக்க எடுத்துட்டு வெல கூட்டி விக்கத்தான் இந்த வேலைன்னு நான் நெனச்சேன்."

அப்படி நான் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கும் சொல்வேன். ஆனால் கோடு போட்டதைக் கழுவி மறைத்துக் கொண்டுவரச் சொல்லி நான் சொல்லவில்லை. அதைத்தான் அவனிடம் கேட்டேன். நல்ல டின் என்று நம்பினவன் எதற்கடா கழுவினாய்? வெளியில் தெரிந்தால் வேலை போய்விடும், பொலிசில் பிடித்துக் கொடுப்பார்கள் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். வேன் கதையைத் தர்ஷிகாவுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

அன்றிலிருந்து வீட்டில் நடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாலாமணி போகவில்லை, எட்டாம் நாள் காரியம் முடியட்டும் என்று தங்கிவிட்டாள். மீனில் விஷம் என்று பி.எச்.ஐ. சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. ஊரெல்லாம் டின் மீன் தின்கிறது, இந்த வீட்டில் மட்டும் ஏன் சாவு விழ வேண்டும் என்றாள். இன்னொன்றையும் பிடித்துக்கொண்டாள். சாப்பிட்டவர்கள் எல்லோரும் விழுந்தார்கள், சமைத்தவளுக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆகவில்லை? மருமகள் கடைசியில் சாப்பிடுகிறவள், அவள் உட்கார்ந்தபோது சட்டியில் மீனே இல்லை. இது அந்த வீட்டில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பீலியில் பெண்கள் அதையே பேசினார்கள். தீட்டோடு அடுப்படியில் நின்றிருக்கிறாள், அதனால்தான் காக்காய் சுணங்கியது என்றார்கள். அவள் போனால் தண்ணீர்க் குடத்தைத் தள்ளி வைத்துக்கொண்டார்கள். வீட்டில் பாலாமணி அவளைச் சட்டி பானை தொட விடவில்லை. தினுஷாவுக்குச் சோறு ஊட்டுவதற்குக்கூட விடவில்லை. பிள்ளை இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கிற தாயை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு பாலாமணி கையால் சாப்பிட்டது.

முதலாளி கொடுத்ததாகப் புருஷன் சொன்னான் என்று தர்ஷிகா வாயைத் திறந்திருந்தால் பாதிப் பேச்சு நின்றிருக்கும். அவனுடைய வேலைக்காக மூடிக்கொண்டிருந்தாள். அவன் அந்த முதுகுக்குப் பின்னால் நன்றாக ஒளிந்துகொண்டான். எட்டுக்கு முதல் நாள் அவனைத் தனியாகப் பிடித்து, நீயாகச் சொல்லிவிடு என்றேன்.

"கொஞ்ச நாளைக்கு அவ அம்மா வீட்ல இருக்கட்டும்ப்பா. எல்லாம் ஆறுனதும் நானே போயி கூட்டிக்கிட்டு வாறேன்."

"புள்ள?"

"புள்ள இங்க இருக்கட்டும்னு அத்தை சொல்லுறாங்க."

அவனை அடிக்கக் கை வந்தது. கையில் அடிக்கிற அளவுக்குப் பலம் இல்லை.

எட்டுக்கு வந்தவர்கள் காரியம் முடிந்து இஸ்தோப்பிலும் வாசலிலும் உட்கார்ந்திருந்தார்கள். பாலாமணி எழுந்து நின்று முடிவு சொல்வது போலச் சொன்னாள். இரண்டு சாவு விழுந்த வீடு, இனியும் இவள் அடுப்படியில் நின்றால் மூன்றாவதும் விழும், அவளுடைய அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும், பிள்ளையைத் தானே வளர்ப்பதாகச் சொன்னாள். அதோடு விட்டிருக்கலாம்.

"சந்தேகம்னா அவகிட்டயே கேளுங்க, தெவசத்துக்கு எத்தன நாளைக்கு முந்தித் தீட்டு கழிஞ்சு தல முழுகுனான்னு," என்றாள், இத்தனை ஆம்பிளைகளுக்கு முன்னால்.

தர்ஷிகா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பார்த்தது பாலாமணியை அல்ல, சசியை. அவன் தரையைப் பார்த்துத் தலையை ஆட்டினான். அத்தை சொல்வது சரி என்ற ஆட்டல்.

கஜீபன் மூலையில் இருந்து பேசினான். மொட்டை அடித்த தலையில் துண்டு போட்டிருந்தான்.

"எனக்கு அந்தக் கதையெல்லாம் வேணாம். எம் பொண்டாட்டி எதால செத்தான்னு மட்டும் யாராவது சொல்லுங்க."

சசி சொல்வான் என்று பார்த்தேன். ஒரு வெற்றிலை போடுகிற நேரம் பொறுத்தேன். பிறகு நான் எழுந்தேன்.

"அந்த டின்னு வேன்ல வரல்ல. இவன் ஸ்டோர்ல இருந்து எடுத்துக்கிட்டு வந்தான். விக்கக் கூடாதுன்னு செவப்புச் சோக்குல கோடு போட்டு ஒதுக்குன டின்னு. அந்தக் கோட்டப் பீலியில வெச்சு இவன் கழுவுனத எங் கண்ணால பாத்தேன். கேட்டப்ப எங்கிட்ட ஒத்துக்கிட்டான். மருமக மேல ஒரு தப்பும் இல்ல."

கஜீபன் எழுந்து சசியின் முன்னால் வந்து குந்தினான்.

"மச்சான், இல்லைன்னு ஒரு வார்த்த சொல்லு. நான் நம்பிக்கிறேன்."

சசி கால் பெருவிரலால் சீமெந்தைக் கீறிக்கொண்டிருந்தான். கஜீபன் பொறுத்திருந்தான். பிறகு எழுந்து, கொடியில் கிடந்த சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் இறங்கிப் போனான். போகும்போது யாரையும் பார்க்கவில்லை. என்னைக்கூட.

"அண்ணனுக்கு மூளை கலங்கிப்போச்சு. ஒரே வருசத்துல பொண்டாட்டியும் மகளும் போனா யாருக்குத்தான் கலங்காது," என்று பாலாமணி சுற்றி இருந்தவர்களுக்குச் சொன்னாள். சிலர் தலையாட்டினார்கள். சிலர் சசியைப் பார்த்தார்கள். இரண்டும் கொஞ்ச நேரம்தான். சோறு பரிமாறுகிறார்கள் என்றதும் எழுந்துவிட்டார்கள்.

தர்ஷிகா உள்ளே போய்ப் பையோடு வந்தாள். தினுஷாவுக்குச் சட்டை மாற்றியிருந்தாள். பாலாமணி பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை வீறிட்டது.

"கைய எடு தங்கச்சி," என்றேன்.

அவள் எடுக்கவில்லை. அவள் விரல்களை ஒவ்வொன்றாக நான் பிரித்தேன். என் வயதுக்கு அது பெரிய வேலை. சசி உள்ளே இருந்தான். வெளியில் வரவில்லை.

ரோட்டுக்கு நான் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். தர்ஷிகாவின் தாய் வீடு ரிவர்ஸ்டன் பக்கத்துத் தோட்டம். மேலே போகிற பஸ்ஸுக்கு நின்றோம். பனி இறங்கி ரோடு அடுத்த வளைவுக்கு மேல் தெரியவில்லை. நான்தான் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேனே, இனி ஏன் போகிறாய், யாராவது இனி ஏதாவது சொன்னால் நான் இருக்கிறேன் என்றேன்.

"நீங்க சொன்னீங்க மாமா. அவரு சொல்லல்ல."

பயந்துவிட்டான், வேலை போய்விடும் என்கிறான் என்று மகனுக்காக நானே வாதாடினேன். எப்படிப்பட்ட மகனாக இருந்தாலும் அப்படி ஒரு வார்த்தை வந்துவிடுகிறது. அவள் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போறப்ப நிரோஜாவுக்கு உசுரு இருந்திச்சு மாமா. என்னா சாப்பிட்டாங்க, மீன் கீன் ஏதாவதான்னு அந்த டாக்டர் கேட்டாரு. பருப்பும் மரக்கறியும்னு இவரு சொன்னாரு. நான் மீன்னு வாயெடுத்தேன். இவரு எங் கால மிதிச்சாரு. டாக்டர் திரும்பவும் கேட்டாரு. நானும் வாய மூடிக்கிட்டேன்."

பை என் கையிலிருந்து நழுவி ரோட்டில் விழுந்தது. அவள் குனிந்து எடுத்துக்கொண்டாள்.

சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டேன்.

"தெரியல்ல மாமா. அது அந்த டாக்டருக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிஞ்சதெல்லாம், இனி அவரு பக்கத்துல படுக்க என்னால முடியாது."

பஸ் பனிக்குள்ளிருந்து விளக்குப் போட்டுக்கொண்டு வந்தது. ஏறினார்கள். பிள்ளை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தாத்தா வரவில்லையா என்று கேட்டது. கண்டக்டர் மணியடித்துவிட்டான். நான் பதில் சொல்வதற்குள் பஸ் வளைவில் திரும்பிவிட்டது.

லயத்தைப் பார்த்தேன். இஸ்தோப்பு ஓரத்தில் சசி நிற்பது தெரிந்தது. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இறங்கி வருவதற்கு அவனுக்கு நேரம் இருந்தது. அவன் வரவில்லை.

எந்த ஆபீஸ் வாசலையும் நானாக மிதித்ததில்லை. நான் வேலை ஓய்ந்தபோது வந்த சேவைக் காசு வாங்கவும் பாப்பம்மாதான் போனாள். அங்கே இருக்கிறவன் எவன்மேலும் எனக்கு நம்பிக்கை இல்லை, இப்போதும் இல்லை. பி.எச்.ஐ. முதலாளியிடம் போய்ப் பேசி முடித்துக்கொள்ளலாம். சசியை மட்டும் பிடித்துக் கொடுத்துவிட்டு மற்றவன் எல்லாம் தப்பிக்கலாம். ஆனால் மிச்ச டின்கள் அந்த ஸ்டோரில் இன்னும் கிடக்கின்றன, கொம்பனி லொறி வரும்வரை அவற்றில் கை வைக்கிறவன் என் மகன் ஒருவன்தான் என்று யார் சொல்ல முடியும்?

ரோட்டைக் குறுக்கே கடந்து, இரத்தோட்டைக்கு இறங்குகிற பஸ்ஸுக்கு எதிர்ப்பக்கத்தில் நின்றேன். மேலிருந்து சசி, எங்கே போகிறீர்கள் அப்பா என்று கூப்பிட்டான். இரண்டாம் தரமும் கூப்பிட்டான். பஸ் வந்தது. றினோஸ் ஐயா ஆபீசுக்குப் போக எங்கே இறங்க வேண்டும் என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொண்டு ஏறினேன்.